அருகில் உள்ள பள்ளி, அனைவரின் பொறுப்பு

பாக் நீரிணையின் இரு கரைகளிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் படித்து மேலேறும் முறைகள் வேறு வேறு. இலங்கையில் ஒரு பிள்ளை ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சையைச் சந்திக்கிறது. பதினோராம் தரத்தில் சாதாரண தரம், பதின்மூன்றாம் தரத்தில் உயர்தரம் என்று அடுத்தடுத்த பரீட்சைகள் வருகின்றன. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பொதுத்தேர்வு. மருத்துவம் படிக்க விரும்புவோருக்கு அதன் பிறகு ‘நீட்’ தேர்வு. இலங்கையில் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் அரசுப் பாடசாலைக்கே போகிறார்கள். தமிழ்நாட்டிலோ அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சிபிஎஸ்இ பள்ளி என்று ஒரே ஊரில் பல வாசல்கள்.

இரண்டையும் ஒப்பிட்டு யார் முந்தி, யார் பிந்தி என்று தீர்ப்பு வழங்குவது எளிது. அதனால் பிள்ளைகளுக்குப் பயன் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் மற்றதால் இயலாத ஒன்றைச் சாதித்திருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இடறவும் செய்கின்றன. அந்த இடம் எது, அங்கே நாம் ஒவ்வொருவரும் என்ன செய்ய முடியும் என்று சேர்ந்து யோசிப்பதே இரு கரையினருக்கும் உதவும்.

கதவைத் திறந்த வரலாறு

இலங்கையின் அரசாங்க சபையில் 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான சிறப்புக் குழு 1943இல் தன் அறிக்கையை அளித்தது. 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவு அது. அதுவரை நகரத்துக் கல்லூரிகளில் மட்டுமே கிடைத்த தரமான இடைநிலைக் கல்வியை மத்திய கல்லூரிகள் கிராமப்புறங்களுக்குக் கொண்டுபோயின. வசதியற்ற கிராமத்துப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அங்கே படிக்க வைப்பதே புலமைப்பரிசில் பரீட்சையின் தொடக்க நோக்கம். 1980இலிருந்து பாடநூல்களும், 1990களில் சீருடைத் துணியும் இலவசமாயின.

தமிழ்நாட்டின் முதல்வராக 1954இல் காமராசர் பொறுப்பேற்றபோது, பள்ளிக்கும் பிள்ளைக்கும் இடையே தொலைவும் பசியும் நின்றன. ஊருக்கு ஊர் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, ஊர் மக்களைத் திரட்டிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அரசின் கருவூலம் மட்டும் அந்தப் பள்ளிகளை வளர்க்கவில்லை. நிலம் கொடுத்தவர்கள், மேசை நாற்காலி கொடுத்தவர்கள், அரிசியும் காய்கறியும் கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வளர்த்தார்கள். 1982இல் முதல்வர் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பின்வந்த ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கட்சிகள் மாறியபோதும் பிள்ளையின் தட்டு காலியாகவில்லை என்பது தமிழ்நாட்டு அரசியலின் பெருமைக்குரிய ஒரு பொதுக்கருத்து.

இலங்கை கட்டணத் தடையை முதலில் உடைத்தது. தமிழ்நாடு பசித் தடையை முதலில் உடைத்தது. இலங்கையின் எழுத்தறிவு வீதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி அது சுமார் 80 விழுக்காடு. உயர்கல்வியில் நிலைமை தலைகீழ். 2021-22ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியச் சராசரியோ 28 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இலங்கையில் உயர்தரத்தில் தகுதி பெறும் பலருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை. ஒரு கரை அடித்தளத்தை அகலமாகப் போட்டது. மறுகரை மேல்தளத்தை அகலமாகக் கட்டியது.

ஒரே குடையின் கீழும் பல குடைகளின் கீழும்

இலங்கையில் 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. இன்று ஏறத்தாழ பத்தாயிரம் அரசுப் பாடசாலைகள் உள்ளன. வழக்கறிஞரின் பிள்ளையும் ஆட்டோ ஓட்டுநரின் பிள்ளையும் ஒரே பாடநூலைப் படித்து, ஒரே பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். மருத்துவரும் அதிகாரியும் தம் பிள்ளைகளை அரசுப் பாடசாலைக்கு அனுப்புவதால், அந்தப் பாடசாலையின் குறை அவர்களுடைய குறையாகவும் ஆகிறது. பொதுக் கல்விக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

ஆனால், ஒரே குடைக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. மத்திய அமைச்சின் கீழ் உள்ள சுமார் நானூறு தேசியப் பாடசாலைகள் ஒருபுறம், மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ள மற்றவை மறுபுறம். உயர்தர அறிவியல் பிரிவு உள்ள பாடசாலை எல்லா ஊரிலும் இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பெயர் பெற்ற கல்லூரிகளில் முதலாம் தரத்துக்கு இடம் தேடி, வசிப்பிடச் சான்றுகளோடு பெற்றோர் அலைகிறார்கள். அதே வேளையில் கிராமத்துச் சிறு பாடசாலைகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை தேய்கிறது. மலையகத் தோட்டப் பாடசாலைகள், தோட்டங்கள் அரசுடைமையான 1970களுக்குப் பிறகே தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் கிடைக்காத தவிப்பு அங்கே இன்னும் தீரவில்லை. போரில் சிதைந்த வன்னிப் பாடசாலைகள் கட்டடங்களைத் திரும்பப் பெற்றாலும், ஆசிரியர்களைத் தக்கவைத்துக்கொள்ளப் போராடுகின்றன. வசதி படைத்தோருக்கு நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான சர்வதேசப் பாடசாலைகள் என்ற தனி வழியும் திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே தனியார் பள்ளிகள் பெருகியதற்குப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலம் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்பது அவர்கள் வாழ்க்கையில் கண்ட உண்மை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தாய், தன் பிள்ளைக்கு நல்லது என்று நம்பியதையே செய்கிறார். பல தனியார் பள்ளிகள் உழைப்பாலும் ஒழுங்காலும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆயினும், குரல் வலிமை உள்ள குடும்பங்கள் விலகிப்போன ஒவ்வொரு முறையும் அரசுப் பள்ளிக்காகக் கேள்வி கேட்பவர்கள் குறைந்தார்கள் என்பதும் உண்மை.

இந்த இடைவெளியைக் குறைக்க முயற்சிகள் நடந்தன. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு பாடத்திட்டங்களை ஒன்றாக்கிய சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது முழுமையாக நடைமுறையானது. கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. அரசுப் பணம் தனியாருக்குப் போவதால் அரசுப் பள்ளிகள் மேலும் காலியாகின்றன என்பது ஒரு சாராரின் கவலை. இன்றைய ஏழைப் பிள்ளையை நாளைய சீர்திருத்தத்துக்காகக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பது மறுசாராரின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அரசுப் பள்ளி வலுப்பெறும் வேகத்தைப் பொறுத்தே இந்த வாதம் தீரும்.

பரீட்சையும் நீதியும்

பத்து வயதுப் பிள்ளைக்கு நாடளாவிய போட்டிப் பரீட்சை தேவையா என்ற கேள்வி இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதும் பரீட்சையில் சிறு பகுதியினரே வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார்கள். மற்றவர்கள் பள்ளி வாழ்வின் தொடக்கத்திலேயே தோல்வி என்ற முத்திரையைச் சுமக்கிறார்கள். விளையாட வேண்டிய வயதில் மாலையும் வார இறுதியும் பயிற்சித் தாள்களில் கரைகின்றன. மறுபுறம், சிபாரிசோ செல்வாக்கோ இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பெரிய கல்லூரியின் வாசலைத் திறக்கும் நேர்மையான வழி அது ஒன்றுதான் என்று கிராமத்துப் பாடசாலை அதிபர்கள் சொல்கிறார்கள். பரீட்சையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செல்வாக்கு வந்து உட்கார்ந்தால் யாருக்கு இழப்பு என்பதையும் யோசிக்க வேண்டும். உதவித்தொகைக்கான தேர்வாக மட்டும் அதை எளிமைப்படுத்தி, ஒவ்வொரு வலயத்திலும் நல்ல பாடசாலைகளை வளர்த்தால் அழுத்தம் தானே குறையும்.

தமிழ்நாடு வேறொரு பாதையில் சென்றது. பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் கைவிட்டது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்து, பிறகு 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையின் வழியே நீக்கியது. ‘நீட்’ குறித்து நாடு முழுவதும் ஒரே அளவுகோல் வேண்டும் என்போர் இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை ஒரு நாள் தேர்வு ஓரம் கட்டுகிறது, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாதவரை அது தள்ளிவைக்கிறது என்போரும் இருக்கிறார்கள். இந்த விவாதம் நீடிக்கையிலேயே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதன் வழியே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் பலருக்கும், அவர்கள் குடும்பத்தில் மருத்துவப் படிப்பு என்பதே புதிது.

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய தகுதிப்படியும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைப்படியும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இதற்கு வலி மிகுந்த முன்கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் மொழி அடிப்படையில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவர்களின் மனத்தில் ஆறாத காயத்தை ஏற்படுத்தியது. அந்தக் காயத்தை மறந்துவிடச் சொல்ல முடியாது. அதே நேரத்தில், இன்றைய மாவட்ட முறை மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நுவரெலியாவிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருப்பதையும் பார்க்க வேண்டும். போதிய ஆசிரியர்கள் இல்லாத பாடசாலையில் படித்து வாங்கிய மதிப்பெண்ணையும், எல்லா வசதியோடும் வாங்கிய மதிப்பெண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதை இரு கரைகளும் தத்தம் வழியில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. எந்த ஏற்பாடும் மொழியையோ இனத்தையோ பார்த்துச் செய்யப்படாமல் பிள்ளையின் சூழ்நிலையைப் பார்த்துச் செய்யப்பட்டால்தான் நீதி நிலைக்கும் என்பதே வரலாறு தரும் பாடம்.

கட்டணமில்லாக் கல்வியின் மறைமுகக் கட்டணம்

இரு முறைகளும் இடறும் இடம் இதுதான். பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால், பரீட்சையில் வெல்ல வேண்டும் என்றால் மாலையில் தனியார் வகுப்புக்குப் பணம் வேண்டும் என்ற எண்ணம் இரு கரைகளிலும் வேரூன்றிவிட்டது. இலங்கையில் ஐந்தாம் தரத்திலேயே டியூஷன் தொடங்குகிறது. உயர்தர மாணவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, புகழ்பெற்ற ஆசிரியர்களிடம் பாடம் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு டியூஷன் போக, ‘நீட்’ பயிற்சிக்காக ஓராண்டைத் தனியே ஒதுக்கும் குடும்பங்களும் உள்ளன. திறந்து வைத்த கதவுக்குள் நுழைந்த பிறகு, கடைசிப் படியில் பணம் குறுக்கே நிற்கிறது.

தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. விலைவாசி ஏறிய காலத்தில் சம்பளம் போதாமல் மாலை வகுப்பை நாடியவர்கள் பலர். பாடசாலையில் ஆசிரியரே இல்லாத பாடத்துக்கு டியூஷன் ஆசிரியர்தான் துணை என்ற ஊர்களும் இருக்கின்றன. தடை உத்தரவு போட்டால் வகுப்பு வேறு பெயரில் நடக்கும். காலையில் பள்ளியில் கிடைக்க வேண்டியது கிடைத்தால், மாலையில் அதை விலைக்கு வாங்கும் தேவை குறையும். அதற்கு அரசு, ஆசிரியர், பெற்றோர், ஊர் என நால்வரும் தத்தம் பங்கைச் செய்ய வேண்டும்.

இதற்கான வழிகளை இரு கரைகளும் ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருக்கின்றன. கொரோனா கால இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. படித்த இளைஞர்களும் இல்லத்தரசிகளும் தன்னார்வலர்களாகி, தெருவில் உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் கட்டணமின்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். இலங்கை 2016இல் ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்ற திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் 1964-66 காலத்தின் கோத்தாரி ஆணையம் அருகமைப் பள்ளியையும் பொதுப்பள்ளி முறையையும் பரிந்துரைத்தது. வீட்டுக்கு அருகில் நல்ல பள்ளி என்ற இலக்கை இரு நாடுகளும் எழுதி வைத்திருக்கின்றன. அதை நிறைவேற்றும் உறுதியை மட்டும் அவ்வப்போது தளரவிட்டிருக்கின்றன.

யார் என்ன செய்யலாம்

முதல் பொறுப்பு அரசுகளுடையது. அதில் ஐயமில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு ஊர் மக்களின் நல்லெண்ணம் மாற்று ஆகாது. மலையகத்துக்கும் வன்னிக்கும் கணித, அறிவியல் ஆசிரியர்களை அனுப்பி, அங்கே தங்கிப் பணியாற்ற ஏற்ற வசதியும் ஊக்கமும் தருவது கொழும்பின் கடமை. காலிப் பணியிடங்களைக் காலத்தில் நிரப்புவதும், ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளைக் கவனிப்பதும் சென்னையின் கடமை. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையே, மத்திய அமைச்சுக்கும் மாகாணத்துக்கும் இடையே அதிகாரம் குறித்த வேறுபாடுகள் இருக்கலாம். அவை பேசித் தீர்க்க வேண்டியவை. அந்தப் பேச்சு முடியும்வரை பிள்ளைகளுக்கான நிதி காத்திருக்கக் கூடாது.

ஆசிரியர்கள் தங்கள் உரிமைகளுக்காகப் போராடுவது நியாயம். அதே ஒற்றுமையோடு, பின்தங்கிய பிள்ளைக்கு வகுப்பறைக்குள்ளேயே கூடுதல் நேரம் ஒதுக்கும் பண்பாட்டையும் சங்கங்கள் வளர்த்தால், பொதுமக்களின் ஆதரவு அவர்கள் பக்கம் நிற்கும். தனியார் பள்ளிகள் தங்கள் ஆய்வகத்தையும் விளையாட்டுத் திடலையும் அருகில் உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு வாரத்தில் சில மணி நேரம் பகிர்ந்துகொள்ளலாம். இதில் யாருக்கும் இழப்பில்லை. நட்புதான் வளரும்.

பெற்றோருக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பிள்ளை பத்து நாளாக வரவில்லை, எந்த வகுப்பில் வாசிப்பு தடுமாறுகிறது என்று அங்கே கேட்கலாம், தீர்மானம் எழுதலாம். இலங்கையின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் அதே வாய்ப்பு உண்டு. அங்குள்ள பழைய மாணவர் சங்கங்களின் வலிமை தமிழ்நாடு பார்த்துக் கற்க வேண்டிய ஒன்று. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்பவர்கள்கூடத் தாம் படித்த பாடசாலையை மறப்பதில்லை. அந்த அன்பு நூற்றாண்டு கண்ட பெரிய கல்லூரிகளோடு நின்றுவிடாமல், பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலைக்கும் வன்னிப் பாடசாலைக்கும் ஒரு பங்கு பாய்ந்தால் போதும். பல இடங்களில் நிலைமை மாறும்.

இரு கரைகளும் சேர்ந்து செய்யக்கூடியதும் உண்டு. 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் படித்து வளர்ந்தார்கள். அவர்களில் தாயகம் திரும்புவோரின் சான்றிதழ்களை ஏற்பதிலும், பாடத்திட்ட வேறுபாட்டை ஈடுகட்டுவதிலும் இரு கல்வித் துறைகளும் எளிய நடைமுறையை வகுக்கலாம். இரு அரசுகளின் தமிழ்ப் பாடநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரு பக்கத்து ஆசிரியர்களும் அவற்றை எடுத்துப் பார்த்து, நல்ல பயிற்சியையும் நல்ல விளக்கத்தையும் பரிமாறிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. தமிழ்நாட்டின் காலை உணவு அனுபவம், 2022 பொருளாதார நெருக்கடியில் பிள்ளைகள் பசியோடு வகுப்புக்கு வந்ததைக் கண்ட இலங்கைக்கு உதவும். எல்லாத் தரப்புப் பெற்றோரையும் பொதுப் பாடசாலையில் தக்கவைத்த இலங்கையின் அனுபவம் தமிழ்நாட்டுக்கு உதவும்.

பெரிய சீர்திருத்தங்களுக்கு ஆண்டுகள் ஆகும். சிறிய பொறுப்புகளை இந்த ஆண்டே தொடங்கலாம். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கினாலும் ஜூனில் தொடங்கினாலும், உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள அரசுப் பள்ளியின் அடுத்த கூட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் பரவாயில்லை. தலைமையாசிரியரிடம், அதிபரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். உங்களால் முடிந்த ஒன்றை ஏற்றுக்கொண்டு, அதை முடிக்கும்வரை கைவிடாதீர்கள். கன்னங்கராவும் காமராசரும் திறந்து வைத்த கதவுகளைத் திறந்தே வைத்திருப்பது அரசோடு சேர்ந்து நம் அனைவரின் கடமை.